ஆட்டம் பார்க்காதவரின் ஆத்திரம்

எங்கள் ஊர் ஸ்போர்ட்ஸ் ரேடியோக்காரரிடம், ஜூலை மாதத்தில் பேஸ்பால் ஆடுகிறார்கள் என்று யாராவது எடுத்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஊர் பிட்ஸ்பர்க். மார்ச் கடைசி தொடங்கி செப்டம்பர் கடைசி வரை பைரேட்ஸ் அணி கிட்டத்தட்ட தினமும் ஆடுகிறது. சீசனுக்கு 162 ஆட்டம். அதில் பாதி ஊருக்குள்ளேயே, அலிகெனி ஆற்றங்கரையில் 2001-ல் திறந்த பிஎன்சி பார்க்கில். இதே ஊரின் அமெரிக்க ஃபுட்பால் அணியான ஸ்டீலர்ஸ் ஒரு சீசனுக்கு ஆடுவது மொத்தம் 17 ஆட்டம். ஆனால் மத்தியானத்தில் மைக்கைப் பிடித்து, ஊர் ஜனம் ஆபீஸ் விட்டு வீடு சேரும்வரை விடாமல் பேசுகிற இந்த மனிதர் வாயைத் திறந்தால் ஸ்டீலர்ஸ்தான். ஜூலையில் ஃபுட்பாலே கிடையாது. லட்ரோபில் இருக்கிற செயின்ட் வின்சென்ட் கல்லூரியில் பயிற்சி முகாம் கூடுவதே மாதக் கடைசியில். அதெல்லாம் இவருக்குப் பொருட்டே இல்லை. மூன்றாவது குவார்ட்டர்பேக்காக யாரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மணி நேரம் பேசுவார். முதல் இருவருக்கும் அடிபட்டால்தான் அந்த மூன்றாமவன் மைதானத்தில் கால் வைப்பான். அவனுக்கு ஒரு மணி நேரம். நேற்று ராத்திரி பதினோரு இன்னிங்ஸ் வரை இழுத்துத் தோற்ற அணிக்கு ஒரு வாக்கியம்: “பைரேட்ஸ் மறுபடி தோத்துட்டாங்க, இதுல என்ன நியூஸ் இருக்கு?”

பெயர் சொல்லமாட்டேன், ஸ்டேஷனையும் சொல்லமாட்டேன். சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது? 1987 ஜூலை 1-ஆம் தேதி நியூயார்க்கில் டபிள்யூஎஃப்ஏஎன் என்ற நிலையம், 24 மணி நேரமும் விளையாட்டுப் பேச்சு மட்டும்தான் என்று கடை விரித்தது. வியாபாரம் சூடு பிடித்ததும் ஊர் ஊராகப் பரவியது. இன்றைக்கு பேஸ்பால் அணி இருக்கிற ஊருக்கெல்லாம் இப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார். எல்லாருக்கும் ஒரே ஜாதகம். நேயர்கள் போன் போட்டுப் பேசலாம் என்பார்கள். போன் போட்டவனைப் பேச மட்டும் விடமாட்டார்கள்.

ஒரு தமிழனுக்கு இதிலெல்லாம் என்ன வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலில் புளியோதரைக்கு வரிசையில் நிற்கும்போதுகூடக் கேட்டிருக்கிறார்கள். கிரிக்கெட் இருக்கும்போது இந்தக் கட்டை விளையாட்டு எதற்காம். பந்து எறிகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவில் நடக்கிற அந்த மனக்கணக்கு கிரிக்கெட் பார்த்தவனுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். தவிர, ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேசப் பையன்களை டிவி போட்டியில் கண்டெடுத்தபோது, 2008-ல் அவர்களோடு ஒப்பந்தம் போட்ட அணி இதே பைரேட்ஸ்தான். நம் ரஹ்மான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் அந்தக் கதையைத்தான் சொல்கிறது. இருவரும் மேஜர் லீக் வரை ஏறவில்லை என்பது வேறு விஷயம். இந்த ஊரில் வீடு வாங்கி, வரி கட்டி, குளிரில் பனி அள்ளுகிறவனுக்கு இந்த ஊர் அணி தோற்றால் வலிக்காதா?

சரி, நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோடை ராத்திரிகளில் வாசல் வராந்தாவில் ரேடியோவை வைத்துக்கொண்டு கடைசி அவுட் வரை உட்கார்ந்திருப்பார். அணி கலிஃபோர்னியா பக்கம் போயிருந்தால் ஆட்டம் இங்கே பத்து மணி வாக்கில்தான் ஆரம்பிக்கும். அதற்கும் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவருக்கு ஒரு சந்தேகம். இளம் பிட்சர் ஒருவன் ஆறு இன்னிங்ஸ் வரை எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பிரமாதமாக எறிந்துகொண்டிருந்தான். எண்பது பந்துகூட ஆகவில்லை. மேனேஜர் அவனை உட்காரவைத்துவிட்டு, புல்பென்னிலிருந்து இன்னொருவனைக் கூப்பிட்டார். வந்தவன் ரன்னை வாரி வழங்கினான். ஆட்டம் போச்சு.

ஏன் எடுத்தார்கள்? பையனின் தோளைக் காப்பாற்றவா? அதே பேட்ஸ்மேன்கள் மூன்றாவது சுற்று வரும்போது எந்த பிட்சரையும் படித்துவைத்திருப்பார்கள், அடி விழும் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அதற்காகவா? ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதா, கம்ப்யூட்டர் கொடுத்த தாளைப் பார்த்து முடிவெடுப்பதா என்று இன்றைக்கு பேஸ்பால் உலகமே இதில்தான் அடித்துக்கொள்கிறது. பெரியவர் கேட்டது அந்தக் கேள்வியை.

போன் போட்டார். முதலில் உதவியாளர் எடுப்பார். பேர் என்ன, எங்கேயிருந்து, எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று விசாரிப்பார். வீட்டு ரேடியோவை அணைத்துவிடச் சொல்வார், ஏனென்றால் ஒலிபரப்பு சில நொடி பின்தங்கித்தான் வரும், இரண்டும் சேர்ந்தால் குழப்பம். பிறகு காத்திருக்கவேண்டும். ஜன்னல் மாற்றும் கம்பெனி விளம்பரம், விபத்து வழக்கு வக்கீல் விளம்பரம், பந்தயச் செயலி விளம்பரம் எல்லாம் போனிலேயே கேட்டுக்கொண்டு பெரியவர் காத்திருந்தார். கடைசியில் முறை வந்தது. நான் காரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மன்ரோவில்லேர்ந்து கால். சொல்லுங்க பெரியவரே.”

“நேத்து ஏழாவது இன்னிங்ஸ்ல அந்தப் பையனை எதுக்கு எடுத்தாங்கன்னு...”

“இருங்க, இருங்க. நேத்து ராத்திரி ஆட்டத்தைக் கடைசி வரைக்கும் கேட்டீங்களா?”

“ஆமா. முழுசா.”

“ஐயோ பாவம்! வீட்ல வேற வேலையே இல்லையா? பெயின்ட் காயறதைப் பார்த்திருக்கலாமே! உங்களை மாதிரி ஆளுங்க இருக்கிற வரைக்கும் அந்த முதலாளி சிரிச்சுக்கிட்டே பேங்குக்குப் போவான். கூப்பிட்டதுக்கு நன்றி. அடுத்து, ஸ்டீலர்ஸ் டிஃபென்ஸ் பத்திப் பேசுவோம்.”

முடிந்தது. கேள்விக்கு ஏதாவது ஒரு பதில், தப்பான பதிலாவது வந்ததா? வராது. பதில் சொல்ல ஆட்டத்தைப் பார்த்திருக்கவேண்டும். அந்தப் பையனின் பெயர்கூட இவருக்கு உடனே வாயில் வந்திருக்காது என்று எனக்குச் சந்தேகம். பெரியவர் மறுநாள் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொரு அம்மா அவ்வப்போது கூப்பிடுவார். குரலை வைத்துப் பார்த்தால் எழுபதுக்கு மேலிருக்கும். ஸ்கோர் புத்தகம் எழுதுகிறவர். பேஸ்பாலில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6. பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் போய், அவன் இரண்டாவது பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் ஒரே மூச்சில் இரண்டு பேர் அவுட் ஆனால் 6-4-3 என்று எழுதவேண்டும். விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த மூன்று எண்ணைப் பார்த்தாலே ஆட்டம் கண்முன்னால் ஓடும். அந்த அம்மா ஆரம்பித்தார்: “எட்டாவது இன்னிங்ஸ்ல அது சுலபமான 6-4-3. இரண்டாவது பேஸ்ல கால் வழுக்கி...”

“6-4-3ஆ? மேடம், அது என்ன, இன்னிக்கு லாட்டரி நம்பரா?”

ஸ்டுடியோவில் எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். விளையாட்டைப் பற்றிப் பேசச் சம்பளம் வாங்குகிறவருக்கு 6-4-3 தெரியாமல் இருக்காது. தெரிந்தும் தெரியாதமாதிரி நடிக்கிறார். தெரிந்தவர் மாதிரி பேசினால் கச்சேரி களைகட்டாது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பென்சில் சீவி, கட்டம் போட்டு, 162 ஆட்டத்தையும் கையால் எழுதிவைக்கிற ஒருவரை ஊர் கேட்கச் சிரிப்பது என்ன தைரியம்!

சாப்பிடாமலே சாம்பாரில் உப்பில்லை என்று பந்தியில் குரல் கொடுக்கிற சம்பந்தி மாதிரிதான் இவர் பேஸ்பாலைப் பேசுவது.

உதாரணத்துக்கு பால் ஸ்கீன்ஸ். 2023-ல் நாட்டிலேயே முதல் ஆளாகப் பைரேட்ஸ் தேர்ந்தெடுத்த பிட்சர். 2024-ல் சிறந்த புதுமுகம் விருது. 2025-ல் 187 இன்னிங்ஸுக்குமேல் எறிந்து, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ரன்தான் விட்டார். நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் அவருக்கே வந்தது. அதே வருஷம் அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வி 10. நம்மாள் பிடித்துக்கொண்டது அந்த 10-10-ஐ. “பத்து தடவை தோத்தவன் எப்படிப்பா நாட்டுலேயே பெஸ்ட்?” என்று சீசன் முடிந்தபிறகும் ஓட்டினார். பிட்சர் ஒரு ரன் கொடுத்தாலும், அவன் அணி பூஜ்யத்தில் படுத்தால் தோல்வி அவன் பெயரில்தான் எழுதப்படும். 2025-ல் மேஜர் லீகின் 30 அணிகளில் மிகக் குறைவாக ரன் எடுத்தது பைரேட்ஸ். 71 வெற்றி, 91 தோல்வி. கேட்கவேண்டிய கேள்வி, இப்படி ஒரு பிட்சரைக் கையில் வைத்துக்கொண்டு பேட்டிங்குக்கு ஆள் சேர்க்காமல் விட்டது யார் என்பது. அதைக் கேட்க நாலு பேர் போன் போட்டுக் காத்திருந்தார்கள். அவர்களைக் கேலி செய்யத்தான் நேரம் இருந்தது.

இன்னொரு பல்லவி, “ஆட்டம் ரொம்ப நீளம், தூக்கம் வருது.” 2023-ல் பிட்ச் கிளாக் வந்தது. பேஸ் காலியாக இருந்தால் 15 நொடிக்குள் பிட்சர் பந்தை எறிந்தாகவேண்டும். அந்த ஒரே வருஷத்தில் ஆட்டத்தின் சராசரி நேரம் 20 நிமிடத்துக்குமேல் குறைந்து, சுமார் 2 மணி 40 நிமிடத்துக்கு வந்துவிட்டது. இவர் இன்னும் பழைய புலம்பலையே புலம்புகிறார். விதி மாறியது இவர் காதுக்கு எட்டவே இல்லை. ஃபுட்பால் ஆட்டம் மூன்று மணி நேரத்துக்குமேல் ஓடுவது மட்டும் இவருக்கு நீளமாகத் தெரிவதே இல்லை.

இதைப் படித்துவிட்டு, அணியை யாரும் திட்டக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். திட்டவேண்டியது மலைபோல இருக்கிறது. கடைசியாக இந்த அணி, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான வேர்ல்டு சீரிஸை ஜெயித்தது 1979-ல். 1992 அக்டோபர் 14-ஆம் தேதி அட்லாண்டாவில், கடைசி இன்னிங்ஸ்வரை 2-0 என்று முன்னிலையில் இருந்து, 3-2 என்று தோற்றது. ஜெயித்திருந்தால் வேர்ல்டு சீரிஸ். பேரி பாண்ட்ஸ் இடது பக்கத்திலிருந்து எறிந்த பந்துக்குக் கொஞ்சம் முந்தி வந்து சறுக்கி விழுந்து ரன் எடுத்தவர், ஓட்டத்துக்கே பேர்போகாத சிட் பிரீம். முன்னாள் பைரேட்ஸ் வீரர் வேறு. ஊரில் இன்னும் அந்தப் பெயரை எடுத்தால் பெருமூச்சு விடுவார்கள். பாண்ட்ஸ் கிளம்பிப் போனார். அதற்குப்பிறகு 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன், ஒரு வருஷம்கூட வெற்றி தோல்வியைவிட அதிகம் இல்லை. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் இந்தச் ‘சாதனை’யை யாரும் தொட்டதில்லை.

2013-லிருந்து மூன்று வருஷம் வசந்தம் மாதிரி வந்தது. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி சின்சினாட்டியோடு நடந்த அந்த வைல்டு கார்டு ஆட்டத்தில், 40,000 பேர் கறுப்புச் சட்டையில் ஒரே குரலாக எதிரணி பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கத்த, அவர் கையிலிருந்து பந்து நழுவித் தரையில் விழுந்தது. அடுத்த பந்தில் ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம்ரன். ஜனம் சேர்ந்து கத்தினால் என்ன நடக்கும் என்று அன்றைக்கு நாடே பார்த்தது. பிறகு 2018 ஜனவரியில், அணியின் நட்சத்திரங்களான கெரிட் கோலையும் ஆண்ட்ரூ மக்கட்சனையும் அடுத்தடுத்து வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு வயிறு எரியாதா?

ஆக, கோபம் எங்களுக்கும் உண்டு. 2007 முதல் முதலாளியாக இருக்கிற பாப் நட்டிங்கை, அணியை விற்றுவிட்டுப் போ என்று மைதானத்திலேயே கூட்டம் கத்துகிறது. நானும் சேர்ந்து கத்தியிருக்கிறேன். ஆனால் கத்திவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்கத்தானே ஊருக்கு ஒரு ரேடியோ வேண்டும்?

கேட்க எவ்வளவோ இருக்கிறது. ஃபுட்பாலில் 1994-ல் வந்த சம்பள உச்சவரம்பு இருக்கிறது. எந்த அணியும் அதைத் தாண்டிச் செலவு செய்ய முடியாது. அதனால்தான் பிட்ஸ்பர்க் மாதிரி நடுத்தர ஊரின் ஸ்டீலர்ஸ், நியூயார்க்கோடு சரிக்குச் சரி நிற்கிறது. பேஸ்பாலில் அப்படி வரம்பு கிடையாது. அளவு மீறினால் வரி உண்டு, அவ்வளவுதான். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், ஓட்டானி என்ற ஒரே வீரருக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அதே வருஷம் ஏப்ரலில் பைரேட்ஸ், பிரையன் ரெனால்ட்ஸுக்குக் கொடுத்த 10.675 கோடி டாலர்தான் அதுவரை இந்த அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டப் பணக்கார அணிகளின் வருமானத்தில் ஒரு பங்கு சின்ன ஊர் அணிகளுக்கு வருகிறது. அந்தப் பணத்தை ஆட்டத்தை உயர்த்தச் செலவழிக்கிறார்களா என்று கேட்டு வீரர்கள் சங்கமே 2018-ல் பைரேட்ஸ் உட்பட நாலு அணிகள்மேல் புகார் கொடுத்தது. வீரர்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையே 2022-ல் போட்ட ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைதான். உச்சவரம்பு வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அதையொட்டிப் பெரிய சண்டை. எங்கள் மாதிரி ஊருக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை.

இதையெல்லாம் ஒரு மணி நேரம் பேசினால் கேட்க நாங்கள் தயார். நம்மாளோ முதலாளியை “கஞ்சப்பய” என்று சொல்லிவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார். போன வாரமும் அதே, போன வருஷமும் அதே. தினமும் அதே நேரத்துக்கு, அதே சுருதியில் வருகிற வசவைக் கேட்டு எந்த முதலாளிக்கு உறைக்கும்? அவர் ஆபீஸில் யாரும் அந்த ரேடியோவை அணைத்துக்கூட இருக்கமாட்டார்கள். இவர் திட்டுவதால் அணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் சௌகரியம். ஊர் ஜனம் தன் கோபத்தை ரேடியோவில் கொட்டிவிட்டு, ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறது.

எந்தக் கோபம் உறைக்கும் என்பதற்கு ஊரிலேயே சாட்சி இருக்கிறது. பிஎன்சி பார்க்கின் வலது பக்கச் சுவர் 21 அடி உயரம். பைரேட்ஸ் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேயின் சட்டை எண் 21 என்பதால் அப்படிக் கட்டினார்கள். 3,000 ஹிட் அடித்தவர். 1972 டிசம்பர் 31-ஆம் தேதி, நிகராகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்து இறந்தவர். இந்த ஊருக்குக் கிட்டத்தட்ட குலசாமி. அந்த மூலையில் அவர் நினைவாக இருந்த 21 என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு, 2025 சீசன் தொடக்கத்தில் ஒரு பான விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள். ரசிகர் கண்ணில் பட்டது. எங்கே இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று இடம் சுட்டிக் கேட்டார்கள். கிளெமென்டேயின் மகனும் பேசினார். சில நாட்களில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, 21 பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

அதே ஏப்ரலில், மைதானம் கட்டியபோது ரசிகர்கள் காசு கொடுத்து அப்பா பெயரும் தாத்தா பெயரும் பொறித்துப் பதித்த செங்கற்கள் பெயர்க்கப்பட்டு, மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடந்தது வெளியே வந்தது. அதற்கும் நிர்வாகம் இறங்கிவந்து பதில் சொல்லவேண்டியதாயிற்று. இந்த இரண்டு விஷயத்திலும் ஜெயித்தது மைதானத்தைக் கண்கொட்டாமல் பார்த்தவர்கள். சுவரில் எந்த மூலையில் எது இருந்தது என்று தெரிந்தவன் கேட்டால்தான் நிர்வாகத்துக்கு வியர்க்கும். “ஐயோ பாவம், வேற வேலையே இல்லையா” என்று இவர் விரட்டியடிப்பது யாரைத் தெரியுமா? அந்தக் கண்களைத்தான்.

இந்த ஊரில் இது நடப்பதுதான் கொடுமையிலும் கொடுமை. ரேடியோவில் பேஸ்பால் பிறந்ததே இங்கேதான். 1921 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கேடிகேஏ நிலையத்தின் ஹெரால்டு ஆர்லின், ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, டெலிபோனை மைக்காக மாற்றிவைத்துக்கொண்டு, பைரேட்ஸும் ஃபிலடெல்பியாவும் ஆடிய ஆட்டத்தை ஒலிபரப்பினார். உலகத்தில் முதன்முதலாக ரேடியோவில் வந்த மேஜர் லீக் ஆட்டம் அது. பைரேட்ஸ் 8-5 என்று ஜெயித்தது. ஆர்லினுக்கு யாரும் வர்ணனை சொல்லிக்கொடுத்ததில்லை. கண்ணெதிரே நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நூறு வருஷம் கழித்து நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

அந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டை இடித்துவிட்டார்கள். ஓக்லாண்டில், பல்கலைக்கழகத்துக்கு நடுவே சுவரின் ஒரு பகுதி மட்டும் செங்கல்லும் கொடியுமாக நிற்கிறது. ஒவ்வொரு அக்டோபர் 13-ஆம் தேதியும் அந்தச் சுவரடியில் ஜனம் மடக்கு நாற்காலியோடு கூடுகிறது. 1960 வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம், யாங்கீஸோடு ஆடியது, அதன் ரேடியோ ஒலிப்பதிவை முழுக்கப் போட்டுக் கேட்கிறார்கள். 9-9 என்று சமன். கடைசி இன்னிங்ஸ். பில் மசெராஸ்கி அடித்த ஹோம்ரன் அன்றைக்கு விழுந்த அதே 3:36 மணிக்கு ஒலிபெருக்கியிலும் விழுகிற மாதிரி நேரம் பார்த்து ஆரம்பிக்கிறார்கள். முடிவு என்ன என்று கூடியிருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படியும் எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் பேட்டிங் வரும்போது நகம் கடிப்பார்கள், ஹோம்ரன் விழுந்ததும் எழுந்து நின்று ஆர்ப்பரிப்பார்கள். ரேடியோவில் பேஸ்பாலை யார் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள் என்று நம்மாள் கேட்கிறாரே, ஒரு வருஷம் அங்கே போய் நின்று பார்க்கட்டும்.

பைரேட்ஸ் ஆட்டங்களை நெடுங்காலம் வர்ணித்த பாப் பிரின்ஸை 1975-ல் வேலையிலிருந்து எடுத்தபோது, ரசிகர்கள் தெருவில் இறங்கி ஊர்வலமே போனார்கள். ரேடியோவில் பேசுகிற ஒரு மனிதருக்காக! அவரும் ஒன்றும் வாயை மூடிக்கொண்டு இருந்த ஆள் இல்லை. ஆனால் அவர் ஆட்டத்துக்குள்ளே உட்கார்ந்து பேசினார். நம்மாளை நாளைக்கு எடுத்தால் ஊர்வலம் போவார்களா? போகலாம், கையில் லட்டு டப்பாவோடு.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். ரேடியோ வியாபாரத்தில் கேட்பவரைக் கால் மணி நேரக் கணக்கில் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு கால் மணியிலும் சில நிமிடமாவது காதை விடாமல் பிடித்துவைத்தால்தான் அந்தத் தலை கணக்கில் ஏறும், விளம்பர ரேட் ஏறும். மூன்றாவது சுற்று பேட்டிங் கணக்கை நிதானமாக விளக்கினால் நாலு பேர் ஸ்டேஷன் மாற்றிவிடலாம். ஒரு கிழவரை அவமானப்படுத்தினால் யாரும் மாற்றமாட்டார்கள். ஸ்டீலர்ஸ் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேராவது காதைத் தீட்டுவார்கள், அதையும் மறுப்பதற்கில்லை. போதாக்குறைக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு வழி திறந்துவிட்டபிறகு, பாதி நேரம் யார் ஜெயிப்பார்கள் என்பதைவிட எவ்வளவு வித்தியாசத்தில் என்பதுதான் பேச்சு. இவரும் பிழைக்கவேண்டாமா?

பிழைக்கட்டும். யார் தலையில் பிழைக்கிறார் என்பதுதான் கேள்வி. நிகழ்ச்சியின் பாதிச் சரக்கு நேயர்கள் இனாமாகக் கொடுப்பது. போன் போட்டு, காத்திருந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வருகிற அந்தப் பெரியவரும் ஸ்கோர் புத்தக அம்மாவும் இல்லாவிட்டால் இவர் தினமும் யாரோடு பேசுவார்? முதல் போட்டு நடத்துகிற கடைக்காரர்கூட வாடிக்கையாளரை “வாங்க” என்பார். இவர் முதலும் போடவில்லை, வாங்க என்றும் சொல்வதில்லை.

“அப்படியானால் ஏன் கேக்கறீங்க? அணைச்சுட வேண்டியதுதானே” என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பேஸ்பாலை அலசி ஆராய்கிற பாட்காஸ்ட்கள் எத்தனையோ இருக்கின்றன, நம்மாளைவிட நூறு மடங்கு விஷயம் தெரிந்தவர்கள் பேசுகிறார்கள். அவற்றையும் கேட்கிறேன். ஆனால் பாட்காஸ்டில் மன்ரோவில் கிடையாது. ஸ்குவிரல் ஹில் சுரங்கத்துக்கு முன்னால் காரணமே இல்லாமல் எல்லாரும் பிரேக் போடுகிற அந்த சாயங்கால நெரிசலில், எனக்கு முன்னால் நிற்கிற காரிலிருந்தே ஒருவர் நேற்றைய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை உருப்படியாகச் சொல்லக்கூடும் என்பது இந்த நிகழ்ச்சியில் மட்டும்தான். எப்போதாவது அது நடக்கிறது. யாரோ ஒரு பெண், இடதுகைப் பையனின் ஸ்லைடர் ஏன் இப்போதெல்லாம் வளைவதில்லை என்று அரை நிமிடத்தில் அழகாகச் சொல்லிவிடுகிறார், நம்மாள் குறுக்கே புகுவதற்குள். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் மீதியையெல்லாம் சகித்துக்கொண்டிருக்கிறோம்.

எனவே ஐயா, உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஸ்டீலர்ஸைப் பேசுங்கள், செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை தாராளமாகப் பேசுங்கள், நாங்களும் கேட்கிறோம். முதலாளியைத் திட்டுங்கள், வேண்டுமானால் இன்னும் உரக்கத் திட்டுங்கள், எந்த வருஷம் எவ்வளவு பணம் எங்கே போனது என்று கணக்கோடு திட்டுங்கள். ஒருவர் கேள்வி கேட்டால் முற்றுப்புள்ளி வரை கேட்க விடுங்கள். டிக்கெட் வாங்கியவனை முட்டாள் என்று சொல்லாதீர்கள். அவன் டிக்கெட் வாங்குவதால்தான் அணியும் இருக்கிறது, அதைத் திட்டுகிற உங்கள் வேலையும் இருக்கிறது. இன்று ராத்திரி ஆட்டம் 6:40-க்கு. ஒன்பது இன்னிங்ஸும் உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு, நாளை மத்தியானம் மைக்கை எடுத்ததும் முதல் காரியமாக, ஏழாவது இன்னிங்ஸில் யார் எறிந்தார்கள், என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். அதற்குப்பிறகு எங்களை என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறோம்.